செந்தாள் தின்ற மாடுகள்

கீழமணக்கரையில் மாடு செத்தால் முதலில் வந்து நிற்பது ஆலைக்காரர்களின் வண்டிதான். மாட்டுக்காரி அழுது முடிப்பதற்குள், கால்நடை மருத்துவமனைக்கு ஆள் போவதற்குள், குளிர்பெட்டி வைத்த அந்த வெள்ளை வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். இரண்டு பேர் இறங்கிக் கையுறை மாட்டிக்கொண்டு செத்த மாட்டைத் தூக்கிப்போய் ஆலை வளாகத்துக்குள்ளேயே எரித்துவிடுவார்கள். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். போன மாதம்வரை அங்கே இருந்த கால்நடை மருத்துவர் அந்தச் சுகாதாரத்துக்கு வாகாக, மாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல், ‘அளவுக்கு மீறித் தானியம் தின்று வயிறு புளித்து இறப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வந்த அங்கயற்கண்ணிக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். வாய்த்துடுக்குக்கு வாங்கிய மாற்றல்கள் அவளிடம் நிறைய இருந்தன. கீழமணக்கரையும் அதில் ஒன்றுதான். ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்கிற காலனிக்காரர்கள் மாட்டுக்கு மட்டும் நெல்லை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்களாம், அது தின்று செத்ததாம். கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம். அவள் சிவகங்கைப் பக்கம் வறண்ட பூமியில் பிறந்தவள். ஒரு கட்டு வைக்கோலுக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன குடும்பங்களை அறிந்தவள். நெல் விளைகிற ஊரில் ஏழையின் மாடு நெல் தின்று சாகாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டீசல் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது பேருந்தும் லாரியும் உழவு இயந்திரமும் ஓடுவது ஆலை வடிக்கிற வைக்கோல் பெட்ரோலில். ஜனங்கள் வைத்த பெயர் அது. டெல்டா முழுக்கச் செந்தாள் நெல்தான். கதிர் பச்சையாகவே இருக்கும். தாள் மட்டும் செம்பருத்திச் சிவப்பில் இருக்கும். வைக்கோல் யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக ஆலை வைத்த நிறம் அது. நிலம் விவசாயிக்குச் சொந்தம், நெல் விவசாயிக்குச் சொந்தம், தாள் ஆலைக்குச் சொந்தம். அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே இன்னோர் இயந்திரம் வந்து சிவப்பு வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகும். பட்டணத்தில் காற்று சுத்தமாகிவிட்டது, புகை இல்லை, பனிமூட்டம் பனிமூட்டமாகவே இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. அதுவும் பொய்யில்லை.

அந்தச் சுத்தத்துக்கு யாருடைய மாடு செத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் எழுதப்படாமல் இருந்தது.

தையல்நாயகியின் பசு படுத்துவிட்டது என்று மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் சேதி வந்தது. சாகவில்லை, படுத்திருக்கிறது. அதனால்தான் அங்கயற்கண்ணி வெள்ளை வண்டியை முந்திக்கொள்ள முடிந்தது. காலனியின் கடைசி வீடு. தையல்நாயகி ஐம்பதைத் தொடுகிற விதவை. வயல்வேலை, அது இல்லாத நாளில் பால் விற்பனை. சொத்தென்று சொல்ல அந்தப் பசு ஒன்றுதான். கன்று போட்டு இன்னும் சீம்பால்கூட முழுதாக மாறவில்லை.

பசு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுப் படுத்திருந்தது. எழுப்பி நிறுத்தினால் கள் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. சாணம் புளித்த மாவு போல நாறியது. வயிற்றில் கை வைத்து அழுத்தினால் உள்ளே குடத்துத் தண்ணீர் போலத் தளும்பியது. அங்கயற்கண்ணி குழாய் விட்டு வயிற்றுநீரை எடுத்துக் காகிதத்தில் தொட்டுப் பார்த்தாள். அத்தனை அமிலத்தை ஓர் உயிருள்ள மாட்டின் வயிற்றில் அவள் பார்த்ததில்லை. சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினாள், ஊசி போட்டாள், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினாள். வெயில் ஏறுவதற்குள் பசு செத்துவிட்டது. கன்று பக்கத்தில் கட்டுத்தறியில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

என்ன தீனி போட்டாய் என்று கேட்டபோது தையல்நாயகி மறைக்கவில்லை. இயந்திரம் வயலின் நடுவைத்தான் அறுக்கும். மூலைகளுக்கு அது திரும்பாது. அந்த மூலைகளைப் பெண்கள்தான் அரிவாளால் அறுத்துக் கொடுக்க வேண்டும். மூலை அறுத்தவளுக்கு அந்த மூலை வைக்கோலில் ஒரு கட்டு என்பது ஊரில் யாரும் எழுதிவைக்காத வழக்கம். நிலத்துக்காரர் தலையாட்டினார், அவள் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆலையின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நிலத்துக்காரர்கள்தான். இந்த வைக்கோல் மாட்டுக்கு ஆகாது என்ற வரி இருந்தது அந்த ஒப்பந்தத்தில்தான். நிலமில்லாதவளிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“மொதல்ல வாயே வைக்கலீங்க டாக்டரம்மா,” என்றாள் தையல்நாயகி. “மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நான் ஒரு தாள மென்னு பாத்தேன், கசந்துச்சு. மழையில நனஞ்ச வைக்கலும் இப்புடித்தான் கசக்கும். அதுக்கு என்னா செய்வோம், உப்புத்தண்ணி தெளிச்சு வைப்போம். தெளிச்சேன். அள்ளி அள்ளித் தின்னுச்சு.”

சொல்லிவிட்டு அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். மாடு ஒதுக்குகிற வைக்கோலுக்கு உப்புத்தண்ணீர் தெளிப்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த வேலை. அவள் செய்தது அவ்வளவுதான்.

அங்கயற்கண்ணி தாமதிக்கவில்லை. பசுவை வாகை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, அங்கேயே வயிற்றைக் கிழித்தாள். உள்ளே வைக்கோல் வைக்கோலாக இல்லை. சிவப்புக் கூழாக இருந்தது. கள்ளுக்கடை வாடை அடித்தது. மாட்டின் வயிற்றில் வைக்கோல் செரிக்க இரண்டு நாள் ஆகும். இது சில மணி நேரத்தில் கரைந்து, சர்க்கரையாகி, புளித்து, மாட்டை உள்ளிருந்தே வேகவைத்திருக்கிறது. இரண்டு ஜாடிகளில் அந்தக் கூழை அள்ளி மூடினாள். மூடி நிமிரும்போது வெள்ளை வண்டி வந்து நின்றது. பின்னால் போலீஸ் ஜீப்பும்.

வண்டியிலிருந்து இறங்கியவன் ரகுநந்தன். ஆலையின் மூலப்பொருள் மேலாளர், உயிர்வேதியியல் படித்தவன், முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பான். கிழிந்து கிடந்த பசுவைப் பார்த்து உண்மையாகவே முகம் சுளித்தான். கெட்டவன் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத முகம் அது. அதுதான் அங்கயற்கண்ணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தக் கூழ் என்ன என்று அவள் ஜாடியைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள். அவன் மழுப்பவில்லை. பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னான்.

“வைக்கோலுக்குள்ள சர்க்கரை பூட்டிக் கெடக்கு மேடம். அந்தப் பூட்டைத் திறக்க நொதி வேணும். முன்னாடி எல்லாம் வெளியில வாங்கி ஊத்தினாங்க, கட்டுப்படி ஆகல. நாங்க அந்த நொதியச் செடிக்குள்ளயே வெச்சுட்டோம். வயல்ல நிக்கிற வரைக்கும் அது தூங்கும். வெதுவெதுப்பான தண்ணில போட்டா முழிச்சுக்கும். தொட்டில கொட்டினா ஒரு ராத்திரில வைக்கோல் பாகாயிடும். அதுல இருந்துதான் உங்க வண்டிக்கு எரிபொருள்.”

“முழிச்சுக்க எவ்வளவு சூடு வேணும்?”

“முப்பத்தொம்பது டிகிரி.”

“பசு வயித்துக்குள்ள எவ்வளவு இருக்கும்னு தெரியுமா?”

“தெரியும் மேடம். முப்பத்தொம்பது. அதனாலதான் கசப்பு சேர்த்தோம்.”

தெரியாமல் செய்துவிட்டோம் என்று அவன் சொல்லியிருந்தால் அங்கயற்கண்ணி கத்தியிருப்பாள், திட்டியிருப்பாள், பிறகு ஆறியிருப்பாள். தெரியும் என்கிறான். தெரிந்து, கணக்குப் போட்டு, அதற்கும் ஓர் ஏற்பாடு செய்து, அந்த ஏற்பாடு போதும் என்று முடிவும் செய்துவிட்டு, இங்கே வந்து நிதானமாக நிற்கிறான்.

ஐம்பது டிகிரியில் விழிக்கிற மாதிரி வைத்திருக்க முடியாதா என்று கேட்டாள். முடியும் என்றான். தொட்டித் தண்ணீரை அத்தனை சூடாக்கச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் என்றான். அப்புறம், மாடு தானாக இதைத் தின்னாது, உப்புப் போட்டுத் தின்னவைத்தது இவர்கள் குற்றம், வேண்டுமென்றே செய்து நஷ்டஈடு கேட்கிற ஆட்களும் உண்டு என்று ஆலையின் வக்கீல்கள் சொல்வதாகவும் சொன்னான். மாட்டைக் கொன்று பிழைக்கிற பால்காரி எங்கே இருக்கிறாள் என்று அங்கயற்கண்ணி கேட்டாள்.

“இப்ப நிலைமை இதுதான் மேடம்,” என்றான், குரலைத் தாழ்த்தி. “செந்தாள் வைக்கோல் இன்னைக்குச் சட்டப்படி எரிபொருள். எடுத்தா பெட்ரோல் திருடின மாதிரி, மூணு வருஷம். மாடு வைக்கோல் தின்னு செத்துச்சுன்னு நீங்க எழுதினா, இந்தம்மா திருடினதுக்கு நீங்களே சாட்சி. தானியம் தின்னு செத்துச்சுன்னு எழுதிட்டா, நாங்க புகார் குடுக்கல. இதுவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் முடிச்சுக்கிட்டாங்க. இது அவங்க நல்லதுக்குத்தான்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஊர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. மாட்டைப் பறிகொடுத்தவள் ஒவ்வொருத்தியும், ஜெயிலுக்குப் போகாமல் விட்டார்களே என்று நன்றியோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

ஜீப்பில் வந்த துணை ஆய்வாளர் அருள்தாஸ் மரநிழலில் ஒதுங்கி நின்று பூட்ஸ் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். தையல்நாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அங்கயற்கண்ணி அவளைத் தனியே அழைத்துப்போய் இரண்டு வழியையும் விளக்கினாள். பொய் எழுதினால் நீ வீட்டில் இருப்பாய், அடுத்த வீட்டு மாடும் அதற்கடுத்த வீட்டு மாடும் சாகும். உண்மை எழுதினால் நீ உள்ளே போவாய். சொல்லும்போதே, இப்படி ஒரு தேர்வை ஒரு பெண்ணின் முன்னால் வைக்கிறோமே என்று அவளுக்கு நாக்கூசியது.

தையல்நாயகி பசுவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாலக் குடுத்த மாட்ட நெல்லத் தின்னுட்டுக் கொழுத்துச் செத்துச்சுன்னு எழுதுறதா? வேண்டாங்க. நான் எடுத்தேன். என்னா நடந்துச்சோ அத எழுதுங்க. கன்ன மட்டும் பக்கத்து வீட்டுச் சரோஜாகிட்ட விட்டுட்டு வந்துர்றேன்.”

அங்கயற்கண்ணி எழுதினாள். அருள்தாஸ் இரண்டு ஜாடிகளுக்கும் அரக்கு முத்திரை வைத்தார். தையல்நாயகி ஜீப்பில் ஏறும்போது, காலனிப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர ஒருத்தியும் கிட்டே வரவில்லை. பயந்துபோயிருந்தார்கள்.

அறிக்கையை அவள் துறைக்கு மட்டும் அனுப்பவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள், கால்நடை மருத்துவர் சங்கத்துக்கு அனுப்பினாள், இரண்டு பத்திரிகைகளுக்கும் அனுப்பினாள். நொதி எந்தச் சூட்டில் விழிக்கிறது, மாட்டு வயிற்றில் என்ன ஆகிறது, எவ்வளவு தின்றால் சாவு என்று படிப்படியாக எழுதியிருந்தாள். மறுக்க முடியாத அறிக்கை. பத்திரிகையில் வந்தது. சட்டசபையில் கேள்வி எழுந்தது. ஆலை மறுக்கவில்லை. மாறாக, மருத்துவரின் ஆராய்ச்சியை வரவேற்கிறோம் என்று அறிக்கை விட்டது. அந்த ஒரு வாக்கியத்தைப் படித்தபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். தையல்நாயகி ஜாமீனில் வெளியே வந்த அன்று மாலை அவள் வீட்டுக்கே போய், இனி ஒரு மாடும் சாகாது என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

பங்குனி கடைசியில் அரசு ஆணை வந்தது.

செந்தாள் வைக்கோல் அசைபோடும் விலங்குகளின் உயிருக்கு ஆபத்தானது என்பது அரசு கால்நடை மருத்துவர் அங்கயற்கண்ணி அவர்களின் ஆய்வால் ஐயமற நிறுவப்பட்டிருப்பதால், வாயில்லா ஜீவன்களின் நலன் கருதி, செந்தாள் பயிராகும் எல்லா வட்டங்களிலும் மாடு, எருமை, ஆடு வளர்ப்பது தடை செய்யப்படுகிறது. இருக்கும் விலங்குகள் சித்திரை முதல் வாரத்துக்குள் வெளிமாவட்டக் காப்பகங்களுக்குக் கொண்டுசெல்லப்படும். பணியை முன்னின்று நடத்தும் பொறுப்பு அந்தந்த வட்டக் கால்நடை மருத்துவரைச் சாரும்.

அங்கயற்கண்ணி ஆணையை நின்றபடியே படித்தாள். நஞ்சு வைக்கோலில் இருக்கிறது என்று அவள் எழுதினாள். அவர்கள் வைக்கோலை விட்டுவிட்டு மாட்டை அப்புறப்படுத்துகிறார்கள். அதற்கு அவள் பெயரையே கூப்பிட்டு நடுவீட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள். பாராட்டி ஒரு வரி வேறு. மேசை மேல் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துச் சுவரில் அடித்தாள். உதவியாளர் ஓடி வந்து பார்த்துவிட்டு, துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார்.

மேலதிகாரிக்கு போன் செய்து கத்தினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீதானேம்மா எழுதினே, மாடு சாகக் கூடாதுன்னுதானே எழுதினே, இனிமே சாகாது பார், என்றார்.

மறுநாள் அருள்தாஸ் வந்தார். அரக்கு முத்திரை வைத்த ஜாடிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பார்த்துப் போக வேண்டியது அவர் தலையெழுத்து. காவல் நிலையத்தில் குளிர்பெட்டி இல்லாததால் அவை மருத்துவமனையில்தான் இருந்தன. இந்த நாற்றத்தை இன்னும் எத்தனை நாள் கட்டிக்காப்பது, கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று அவள் எரிந்து விழுந்தாள். மனிதர் பாவம், அவர்மேல் கோபித்து என்ன ஆகப்போகிறது.

“கொட்ட முடியாதும்மா,” என்றார் அவர். “இந்தச் சட்டம் மத்த சட்டம் மாதிரி இல்ல. திருட்டு எரிபொருளும், அது எதுக்குள்ள இருக்கோ அதுவும், தீர்ப்பு வர்ற வரைக்கும் வழக்குச் சொத்து. தாலுகா எல்லைய விட்டு ஒரு அடி நகத்தக் கூடாது, அழிக்கக் கூடாது. கலெக்டரே சொன்னாலும் முடியாது, கோர்ட்டு உத்தரவு வேணும். டேங்கர் லாரியக் கடத்தி வெளியூர்ல வித்துட்றாங்கன்னு ஆலைக்காரங்களே கேட்டு வாங்கின பிரிவு அது. ஒரு டேங்கர் நம்ம ஸ்டேஷன் வாசல்ல பன்னெண்டு வருஷமா நிக்கிது. உள்ள புறா குஞ்சு பொரிக்கிது.”

“வண்டி சரி. நிறுத்திவைக்க எடமில்லன்னா?”

“உடையவன்கிட்டயே பிணையில விட்டுருவோம். பத்திரமா வெச்சிருந்து, கோர்ட்டு கேக்கறப்ப காட்டணும்.”

அவர் போன பிறகு அங்கயற்கண்ணி குளிர்பெட்டியைத் திறந்து ஜாடிகளின் அரக்கு முத்திரையைப் பார்த்தாள். தலைக்குள் ஒன்று ஓடியது. ஓடியதை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை உண்மையைச் சொல்லி ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்பியாகிவிட்டது. இப்போது ஊரையே திருடச் சொல்வதா? அரசுச் சம்பளம் வாங்குகிறவள் போய், வைக்கோலை எடுங்கள் என்று சொல்லவும் முடியாது. ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனாள்.

ஆணை விஷயம் அங்கே முன்பே தெரிந்திருந்தது. வீட்டுக்கு வீடு மாட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தையல்நாயகி கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சரோஜா வீட்டு மாட்டின் பால். வா என்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

“நீங்க பொய் எழுதியிருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டேன். மாடும் ஊர்ல இருந்திருக்கும்,” என்றாள்.

அங்கயற்கண்ணி ஆமாம் என்றாள்.

“ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. நானுந்தானே எழுதச் சொன்னேன்.”

பிறகு அங்கயற்கண்ணி, அருள்தாஸ் சொன்னதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டேங்கர் லாரி, புறாக்கூடு, பிணை எல்லாம். செய் என்று சொல்லவில்லை. தையல்நாயகி புட்டியைக் கன்றின் வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள். கேட்டு முடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எவ்வளவு தின்னா மாடு சாவாது?”

“ஒரு கைப்பிடி. அதோட சமையல் சோடா கஞ்சித்தண்ணில கலந்து குடுத்துடணும். கன்னுக்கு ரெண்டு தாள் போதும்.”

தையல்நாயகி எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு சரோஜா வீட்டுப் பக்கம் நடந்தாள். இந்தத் தடவை பெண்கள் கிட்டே வந்தார்கள்.

மாடு ஏற்றும் லாரிகள் வந்த அன்று காலை, காலனிப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நெடுஞ்சாலைக்குப் போனார்கள். ஆலை அடுக்கிவைத்திருந்த சிவப்பு உருளைகளில் ஆளுக்கொரு கைப்பிடி உருவினார்கள். காவலாளி ஊதலை ஊதினான். ஊதி முடியட்டும் என்று காத்திருந்து, அவனிடமே தங்கள் பெயரைச் சொல்லி, ஆலையின் பேரில் புகார் எழுதவைத்தார்கள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, உப்புத்தண்ணீர் தெளித்து மாட்டுக்குக் கொடுத்தார்கள். பின்னாலேயே சோடாக் கஞ்சி. அப்படியே நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், மாடும் கையுமாக வாசலில் நின்றார்கள். லாரிகள் அவர்களைத் தேடிக்கொண்டு அங்கே வந்தன.

“எழுதிக்கங்க அய்யா,” என்றாள் தையல்நாயகி. “நாங்க வைக்கல் திருடிட்டோம். திருடினது இதுங்க வயித்துல இருக்கு.”

அருள்தாஸ் கூட்டத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், புறா பறந்துகொண்டிருந்த டேங்கர் லாரியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா தலைவலி வந்ததா என்று சொல்வது கடினம். மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்றார். அங்கயற்கண்ணி குழாயோடு வந்தாள். ஒவ்வொரு மாடாக வயிற்றுநீர் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு இருந்தது. உண்மையைத்தான் எழுதினாள்.

சாயங்காலத்துக்குள் லாரிகள் காலியாகத் திரும்பிப் போயின. மாடுகள் வழக்குச் சொத்தாகப் பிணையில் வீட்டுக்குப் போயின; அத்தனை பேரை அடைக்க நிலையத்தில் இடமில்லாததால் பெண்களும் ஜாமீனில் கூடவே போனார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சேதி போக அதிக நேரம் ஆகவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் டெல்டாவில் திருடிகளாகப் பதிவாகாத மாட்டுக்காரிகள் குறைந்துபோனார்கள்.

முதல் விசாரணைக்கு நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. ரகுநந்தன் வக்கீல்களோடு வந்திருந்தான். அவன் முகத்தில் பழைய நிதானம் இல்லை. ஆலையின் மூத்த வக்கீல் எழுந்து, இது திருட்டே அல்ல, ஏழைப் பெண்கள் ஒரு கைப்பிடி வைக்கோல் எடுத்ததை ஆலை பெரிதாக நினைக்கவில்லை, பரம்பரையாக உள்ள வழக்கம்தான், புகார்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று உருக்கமாகப் பேசினார். பேசப் பேச அங்கயற்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பசு செத்துக் கிடந்தபோது மூன்று வருஷம் என்றவர்கள் இவர்கள்தான். இப்போது வழக்கு போனால் மாடுகள் லாரி ஏறிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

பெண்களுக்காக நின்ற இளம் வக்கீல் ஒன்றே ஒன்று கேட்டார். வைக்கோல் எடுப்பது இவர்கள் உரிமை என்று ஆலை ஒப்புக்கொண்டால், உரிமையோடு எடுத்த வைக்கோலில் நஞ்சு இருக்கிறது என்று இத்தனை வருஷமாக ஏன் இவர்களிடம் சொல்லவில்லை? செத்த மாடுகளுக்கு யார் பொறுப்பு? மூத்த வக்கீல் உட்கார்ந்து ரகுநந்தனின் காதில் ஏதோ சொன்னார். மறுபடி எழுந்து, அப்படியானால் திருட்டுதான் என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்வரிசையில் நின்ற தையல்நாயகியைப் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு இன்றைக்கே முடிந்துவிடும், சிறிய அபராதத்தோடு விட்டுவிடலாம் என்று கனிவாகச் சொன்னார்.

“இல்லீங்க அய்யா,” என்றாள் அவள். “எடுத்தது நெசந்தான். அது திருட்டா இல்லையான்னு நீங்க நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

நீதிபதி பக்கங்களைப் புரட்டினார். சாட்சிகள் எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னார்கள். ஒவ்வொரு மாட்டையும் நேரில் பார்வையிட வேண்டியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டார். பிறகு, ஆவணி மாதத்துக்கு வாய்தா போட்டுவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.